ஒரு கோமணம் போட்டுக் குடுங்க தம்பி!

கள்ளக்குறிச்சி பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவை ஒட்டி உள்ளூர் ஓவியர்களின் கண்காட்சி. சிரிக்கிற அப்துல் கலாம், தாடிப் பெரியார், இடுப்பில் குடத்தோடு கிராமத்துப் பெண், பதினோரு தினுசுப் பிள்ளையார் என்று வழக்கமான வரிசை. ரிப்பன் வெட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மந்திரி கிடைக்காத நாட்களில் எழுதுகிறவனுக்கு அந்த அதிர்ஷ்டம் அடிக்கும்.

ரிப்பனுக்கு அரை மணி நேரம் முன்னால் கடைசி வரிசையில் ஏதோ சத்தம். போய்ப் பார்த்தேன். ஆறு படங்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு மை, நிப்பால் இழுத்த கோடு, வேறு எதுவும் கிடையாது. வயதான ஒரு மனிதர் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. வலது கை உயிரில்லாமல் தொங்குகிறது. தொடைச் சதை வற்றி, வயிறு மடிந்து கிடக்கிறது. ஆணுறுப்பும் இருக்கிறது, மற்ற உறுப்புகள் இருப்பது போலவே. இன்னொரு படத்தில் யாரோ சொம்பால் அவர் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஊற்றுகிறவரின் முழங்கையும் நாலு வளையலும் மட்டும் தெரிகின்றன.

“தம்பி, லேடீஸ் வருவாங்க, ஸ்கூல் பசங்க வருவாங்க. ஒரு கோமணம் போட்டுக் குடுங்க தம்பி. ரெண்டு கோடுதானே!” என்றார் விழாக் குழுக்காரர். மிரட்டலெல்லாம் இல்லை. நிஜமாகவே நல்ல மனுஷர்.

வரைந்த பையனுக்கு இருபத்தி நாலு, இருபத்தி அஞ்சு வயசு இருக்கும். “எங்கப்பாங்கய்யா. பக்கவாதம் வந்து மூணு வருஷமாச்சு. அம்மா குளிப்பாட்டறப்போ பக்கத்துல உக்காந்து வரைஞ்சது. குளிப்பாட்டறப்போ கோமணம் இருக்காதுங்க.”

அஞ்சு நிமிஷம் பேசினார்கள். பையன் ஆறு படங்களையும் கழற்றினான், சுருட்டினான், போய்விட்டான். காலியான இடத்தில் பன்னிரண்டாவது பிள்ளையார் வந்தார்.

நான் என்ன செய்தேன்? ரிப்பன் வெட்டினேன். ‘கலை மனிதனைப் பண்படுத்துகிறது’ என்று பத்து நிமிஷம் பேசினேன். பொன்னாடை போர்த்தினார்கள், வாங்கிக்கொண்டேன். இந்தக் கட்டுரை முழுக்க நான் யார் யாரைத் திட்டப் போகிறேனோ, அந்த வரிசையில் முதல் பெயர் என்னுடையது என்பதை இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

*

மறுநாள் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அப்பா மரச்சிற்பி. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரத்தில் பரம்பரையாக உளி பிடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. சாமி சிலை, வாகனம், கதவு, தேர் எல்லாம் இவர்கள் கைவேலை. அந்தப் பெரியவரும் தேர் வேலைக்குப் போனவர். தேரின் அடித்தட்டில் ஆணும் பெண்ணும் எந்தெந்த நிலையில் இருப்பார்கள் என்பது வடம் பிடித்தவர்களுக்கெல்லாம் தெரியும். தெரியாதது மாதிரி இழுப்போம்.

“உங்கப்பாவுக்கு இதுல சம்மதமா?” என்று கேட்டேன். கேட்டாக வேண்டிய கேள்வி. உடம்பு முடியாத ஒருவரின் நிர்வாணத்தை அவரைக் கேட்காமல் ஊருக்குக் காட்டினால் அது கலை ஆகாது, களவாணித்தனம். பையன் பதில் சொல்லாமல் ஆறு படங்களையும் கட்டிலில் அப்பா முன்னால் பரப்பினான். அவருக்குப் பேச்சு குழறுகிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது படத்தில் இடது கை விரலால் தோள்பட்டையைத் தட்டித் தலையை ஆட்டினார். “அங்க எலும்பு தப்பா இருக்காம். நேத்தே சொன்னாரு” என்றான் பையன்.

அவருக்கு இருந்த ஆட்சேபம் அது ஒன்றுதான்.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். ஆபாசப் படைப்புகளைத் தண்டிப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 292வது பிரிவு. 2024 ஜூலை முதல் அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 294வது பிரிவாக நடமாடுகிறது. நம்பரும் அபராதத் தொகை போன்ற சிலதும் மாறின, அடிப்படை அதேதான். அதில் சில விலக்குகள் உண்டு. பழமையான நினைவுச் சின்னங்களிலும் கோயிலிலும் செதுக்கியதற்கும் தீட்டியதற்கும் சட்டம் பொருந்தாது. சாமியை ஏற்றிச் செல்லும் தேருக்கும் பொருந்தாது. ஆமாம், தேர் என்று தனியாகவே போட்டிருக்கிறது! கலை, இலக்கியம், அறிவியலுக்கும் விலக்கு உண்டுதான். ஆனால் அது பொதுநன்மைக்கானது என்று நிரூபித்தால்தான்.

ஆக, அப்பா தேர்க்கட்டையில் செதுக்கினால் சட்டம் கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மகன் காகிதத்தில் அந்த அப்பாவையே வரைந்தால், இது நன்மைக்குத்தான் என்று நிரூபிக்க வேண்டும். நம் கல்யாண மண்டபத்தில் அந்த வாய்ப்பும் கிடையாது. அங்கே நீதிபதி விழாக் குழுக்காரர். மேல்முறையீடு ரிப்பன் வெட்ட வந்த எழுத்தாளர். தீர்ப்புதான் தெரியுமே.

*

“நம்ம பண்பாடுன்னு ஒண்ணு இருக்குல்ல சார்?” என்று விழாக் குழுக்காரர் என்னிடம் அன்றைக்கே கேட்டார். இருக்கிறது சார். உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது.

உளுந்தூர்பேட்டை வட்டத்தில் திருநறுங்கொண்டை. குன்றின் மேல் அப்பாண்டைநாதர் கோயில். பாறையில் பார்சுவநாதர் நிற்கிறார். தலைக்கு மேல் பாம்பு. உடம்பில் துணி கிடையாது, திகம்பர சமணம். திசையையே ஆடையாக உடுத்தியவர்கள் என்பதுதான் அந்தச் சொல்லுக்கே அர்த்தம். நூற்றாண்டுகளாகத் தமிழ்ச் சமணர்கள் குடும்பம் குடும்பமாக, குழந்தை குட்டியோடு போய்க் கும்பிட்டு வருகிறார்கள். எந்தக் குழந்தையும் கெட்டுப்போனதாகத் தகவல் இல்லை.

சிவன் கோயிலுக்குப் போனால் பைரவர். ஒட்டுத் துணி இல்லாமல் நாயோடு நிற்பதுதான் சிற்ப இலக்கணம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் பிட்சாடனர் என்று ஒரு வடிவம். சிவன் பிச்சையெடுக்கக் கிளம்பிய கோலம். இடுப்பில் பாம்பைத் தவிர எதுவும் இல்லை. திருவெண்காட்டிலிருந்து வந்த பிட்சாடனர் தஞ்சாவூர் கலைக்கூடத்தில் நிற்கிறார். உலகத்தின் அழகான ஆண் உருவங்களைப் பட்டியல் போட்டால் அவருக்கு இடம் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு தமிழ்ச் சிற்பி வெட்கப்படாத விஷயத்துக்கு நாம் வெட்கப்படுகிறோம் என்றால், எந்தப் பண்பாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்? விக்டோரியா மகாராணி காலத்துத் துரைமார் விட்டுப்போன கோட்டையும் சூட்டையும்தான்.

“அது சாமி, இது ஆளு” என்பீர்கள். சரி, நியாயமான பேச்சு. அப்படியானால் ஆளையே பார்ப்போம்.

*

நவீன ஓவியம் தமிழனின் வீட்டுக்குள் நுழைந்தது கேலரி வழியாக இல்லை. பத்திரிகை வழியாகத்தான். அதற்குக் காரணம் அச்சகம். பழைய அச்சு முறையில் வண்ணப் படம் போடச் செலவு எக்கச்சக்கம். போட்டோ மாதிரி சாம்பல் நிறம் வர வேண்டுமென்றால் புள்ளி புள்ளியாக பிளாக் எடுக்க வேண்டும், நல்ல தாள் வேண்டும். மை கோட்டுக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. கறுப்பு, வெள்ளை, ஒரு லைன் பிளாக், தீர்ந்தது. சாணித் தாளில்கூடப் பளிச்சென்று விழும். அதனால்தான் காசில்லாத சிறுபத்திரிகைகள் கோட்டோவியத்தைக் கொண்டாடின. வாரப் பத்திரிகைகள் பிறகு சுவீகாரம் எடுத்துக்கொண்டன. துறையூர் பக்கத்துக் கீரம்பூரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த ஆதிமூலத்தின் கோடுகள் கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’யோடு ஜூனியர் விகடனில் வந்தபோது, கோவணம் கட்டிய சம்சாரி டீக்கடை பெஞ்சு வரைக்கும் போனார்.

மையில் ஒரு விசேஷம். ரப்பர் கிடையாது. பென்சிலில் அழிக்கலாம், ஆயிலில் மேலே பூசி மறைக்கலாம். மை இழுத்தால் இழுத்ததுதான். நிழல், புகைமூட்டம், பட்டுத் திரை என்று ஒளிந்துகொள்ளவும் முடியாது. அதனால் ஓர் ஆண் உடம்பை மையில் வரைகிறவன் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இடுப்புக்குக் கீழே வரும்போது தமிழ் ஓவியன் எடுத்த முடிவு பெரும்பாலும் என்ன? கோமணம்.

1969ல், காந்தி நூற்றாண்டில், ஆதிமூலம் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். தமிழ் நவீன ஓவியத்தின் ஆகப் புகழ்பெற்ற வெற்றுடம்பு எது என்று கேட்டால் நான் அந்தக் காந்தியைத்தான் சொல்வேன். விலா எலும்பும் முழங்காலும் கைத்தடியும் ஒரே கோட்டில் உருக்கொள்ளும் அந்தப் படங்களுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. 1921 செப்டம்பர் 22ம் தேதி மதுரையில்தான் காந்தி சட்டையை விட்டார். முழு உடம்பை மூட வழியில்லாத தமிழ்நாட்டு ஏழையைப் பார்த்துவிட்டு எடுத்த முடிவு. அந்த நிமிஷம் முதல் அரை நிர்வாணம் இந்தியாவில் அரசியல் ஆனது.

மெரினாவுக்குப் போங்கள். 1959ல் வைத்த உழைப்பாளர் சிலை. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. பாறையைத் தள்ளும் நாலு பேர். முறுக்கிய முதுகும் தொடையும் அப்பட்டமாகத் தெரிகின்றன. இடுப்பில் ஒரு துண்டுத் துணி. அந்தத் துணிதான் அனுமதிச் சீட்டு. உழைக்கிற உடம்பு, பார்த்துக்கொள்ளலாம்.

ஆண் உடம்பை அவிழ்த்துப் பார்க்க நமக்கு ஆட்சேபமே இல்லை என்பதுதான் விஷயம். காரணம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். சாமியானால் பார்ப்போம். துறவியானால் காலில் விழுவோம். உழைத்தால் சிலை வைப்போம். லாக்கப்பில் ஜட்டியோடு உட்கார வைத்தால், “என்ன தப்பு பண்ணானோ” என்று கடந்து போவோம். செத்துப்போனால் கேட்கவே வேண்டாம். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 தமிழ்நாட்டுக் கூலிகளைச் சுட்டுக் கொன்றபோது, செம்மரக் கட்டைகளோடு கிடந்த உடல்களின் படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்து ஏழைகள். “குழந்தைகள் பார்க்குமே, இதைப் போடலாமா?” என்று எந்த விழாக் குழுவும் கேட்கவில்லை. 2017 ஏப்ரல் 10ம் தேதி டெல்லியில் பிரதமர் அலுவலகம் பக்கத்தில் தமிழ்நாட்டு விவசாயிகள் கோமணத்தையும் கழற்றிவிட்டு ஓடினார்கள். அதையும் பார்த்தோம். பாதிப் பேர் சிரித்தோம்.

ஆனால் வியாதிக்கார அப்பா குளிக்கிறார். உழைக்கவில்லை, துறக்கவில்லை, போராடவில்லை, தண்டனை அனுபவிக்கவில்லை, இன்னும் சாகவுமில்லை. சும்மா இருக்கிறார், பலவீனமாக, மனைவியின் கைக்கு உடம்பைக் கொடுத்துவிட்டு. இதுதான் நமக்குத் தாங்கவில்லை. ஆண் என்றால் மீசை என்று வளர்ந்த கூட்டத்துக்கு, மீசை நனைந்து முகத்தில் ஒட்டிக்கிடக்கும் ஓர் ஆணைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. நாளைக்கு நாமும் அந்த முக்காலிதான்.

*

இதில் பத்திரிகைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தப் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஆசிரியர் வெட்டாமல் போட்டால் அவருக்கு நன்றி. நடிகையின் தொப்புளை நடுப்பக்கத்தில் போட்டு ஒரு தலைமுறையையே வளர்த்தது யார்? அது ‘கிளாமர்’, குடும்பத்தோடு பார்க்கலாம். அதே இதழின் சிறுகதைக்கு ஓவியர் ஒரு முழு ஆண் உடம்பை வரைந்து கொடுத்தால், “வேஷ்டி கட்டி விட்டுடுங்க சார்” என்று போன் வரும். பெண் பார்க்கப்படுகிறவள், ஆண் பார்க்கிறவன். இந்த ஏற்பாட்டில் ஓர் ஆண் துணியில்லாமல் உட்கார்ந்து பார்க்கப்படுகிறவன் ஆகிவிட்டால், பார்த்துப் பழகியவர்களுக்குச் சங்கடம். “லேடீஸ் வருவாங்க” என்றார் விழாக் குழுக்காரர். அந்த லேடீஸ்தான் சார் வீட்டுக்கு வீடு மாமனாரை, புருஷனை, அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள். படத்தில் இருக்கும் முழங்கையே ஒரு லேடியுடையதுதான்!

இது தமிழ்நாட்டு வியாதி மட்டுமில்லை. ஆஸ்திரியாவில் எகான் ஷீலே என்ற ஓவியர் இருந்தார். தன் எலும்பு துருத்திய உடம்பையே நிர்வாணமாகத் திரும்பத் திரும்ப வரைந்தவர். 1912ல் பிடித்து 24 நாள் உள்ளே வைத்தார்கள். சின்னப் பிள்ளைகள் கண்ணில் படும்படி ஆபாசப் படங்களை வைத்திருந்தார் என்று தண்டித்து, நீதிபதி அவருடைய ஒரு படத்தை நெருப்பில் காட்டினார். நம் ஊரில் எஃப்.என்.சூசா. கோவாக்காரர். 1949ல் பம்பாயில் தன்னையே முழு நிர்வாணமாக வரைந்து காட்சிக்கு வைத்தார். புகார் போயிற்று, போலீஸ் வீட்டுக்கு வந்தது. அந்த வருஷமே மனுஷர் லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். செத்தது 2002ல். அப்புறமாவது விட்டார்களா? லண்டனிலிருந்து வந்த அவருடைய கோட்டோவியங்களையும், அக்பர் பதம்சீயின் படைப்புகளையும் சேர்த்து ஏழு உருப்படிகளை 2023ல் மும்பை கஸ்டம்ஸ் ‘ஆபாசம்’ என்று பிடித்து வைத்தது. நிர்வாணம் எல்லாம் ஆபாசம் ஆகிவிடாது என்று சொல்லி, திருப்பிக் கொடுக்கும்படி 2024 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. அதே பதம்சீயை 1954ல் ஆபாச வழக்குப் போட்டு அலைக்கழித்து, அதில் அவர் ஜெயித்தும் ஆகியிருந்தது. 70 வருஷம் கழித்தும் அதே கேள்வி, அதே பதில்.

பரோடாவின் பூபேன் கக்கர் 1982ல் ‘பனாரஸில் இரண்டு ஆண்கள்’ என்று வரைந்தார். இரண்டு ஆண்கள் நிர்வாணமாகத் தழுவி நிற்கிறார்கள். அது மையில்லை, எண்ணெய் வண்ணம். அப்போது அப்படி வாழ்வதே சட்டப்படி குற்றம். 377வது பிரிவின் அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது 2018ல். அடுத்த வருஷம் லண்டன் ஏலத்தில் அந்தப் படம் 25 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று. அதைப் பார்க்க பூபேன் இல்லை, 2003லேயே போய்விட்டார்.

“இதெல்லாம் பம்பாய், பரோடா சமாச்சாரம்” என்று தள்ளவும் முடியாது. திருநறுங்கொண்டை இருக்கும் அதே உளுந்தூர்பேட்டை பக்கம்தான் கூவாகம். சித்திரையில் ஆயிரக்கணக்கான திருநங்கைகள் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கிறார்கள். கூத்தாண்டவர் யார்? அரவான். 32 லட்சணமும் பொருந்திய ஆண் உடம்பு. பொருந்திய ஒரே காரணத்துக்காகப் பலியான உடம்பு. ஓர் ஆணுடம்பை அலங்கரித்து, ஆசைப்பட்டு, பறிகொடுத்து, மாரடித்து அழுகிற இப்படி ஒரு திருவிழா உங்கள் மாவட்டத்தில் நடக்கிறது. ஆண் உடம்பு என்றால் பலம் மட்டுமில்லை, இழப்பும்தான் என்று அந்த அழுகை ஊருக்கே சொல்கிறது. நம் மண்டபத்துக்குத்தான் கேட்கவில்லை.

*

“அப்போ யார் என்ன வரைந்தாலும் மாட்டலாமா?” என்று ஒரு வாசகர் கேட்பார். மாட்ட வேண்டாம். அதிர்ச்சிக்காக அவிழ்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய படத்தை ரெண்டாம் தடவை பார்க்கத் தோன்றாது. எனக்கு அளவுகோல் மூன்றுதான். வரையப்பட்டவருக்குச் சம்மதமா? வரைந்தவன் அவரைக் கேலிப்பொருளாக்கினானா, மனுஷனாகப் பார்த்தானா? கோட்டில் உழைப்பு தெரிகிறதா? மூன்றுக்கும் அந்தப் பையனின் படங்கள் தேறும். தோள்பட்டை எலும்பைத் தவிர.

“குழந்தைகள்?” குழந்தைகள் வருகிற இடத்தில், ‘இந்தப் பக்கம் நிர்வாண ஓவியங்கள் இருக்கின்றன’ என்று ஒரு அட்டை வைத்தால் போதும். பெற்றவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். அது மரியாதை. கோமணம் போடச் சொல்வது என்ன தெரியுமா? ஒரு மகன் தன் அப்பாவைப் பார்த்த பார்வையைத் திருத்துவது. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொல்வது. ரெண்டு கோடுதானே என்றால், ரெண்டு கோடு பொய்.

அந்தப் பையன் இப்போது ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்க்கிறான். கம்ப்யூட்டரில் தலைவர்களின் முகத்தை வெளுப்பாக்கி, தொப்பையைக் குறைத்து, தோளை அகலமாக்குகிறான். கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் கைவண்ணம்தான் தொங்குகிறது. அதில் எந்த ஆணுக்கும் வயசாவதில்லை, நோய் வருவதில்லை. யாரும் ஆட்சேபிப்பதும் இல்லை. நிப்பைத் தொட்டு நாளாச்சு என்றான். அப்பாதான் சில சமயம் இடது கையால் எழுதுகிற மாதிரி காட்டி, வரையவில்லையா என்று கேட்கிறாராம்.

விழாக் குழுக்கார ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த வருஷமும் கண்காட்சி வைப்பீர்கள். அந்த ஆறு படங்களை மாட்டுங்கள், பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கூட்டி வாருங்கள். ரிப்பனை அவர் இடது கையால் வெட்டட்டும். நான் வந்து அட்டையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். பொன்னாடை வேண்டாம், போன வருஷத்தையும் திருப்பித் தந்துவிடுகிறேன்.